விரல் வலித்தால்தான் வித்தை வருமா?

போன வாரம் இந்தப் பக்கத்தில் நான் ஒன்றும் எழுதவில்லை. இரண்டு நண்பர்கள் போன் போட்டு, உடம்புக்கு என்ன என்று கேட்டார்கள். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு எலெக்ட்ரிக் கிட்டாரைப் பிரித்து மேய்ந்துகொண்டிருந்தேன்.

பேத்திக்கு ஒன்பது வயது. அரைப்பரீட்சை லீவுக்கு ஜமுனாமரத்தூர் வந்தவள், பரணில் சாமை மூட்டைக்குப் பின்னால் இருந்த கிட்டாரைக் கண்டுபிடித்துவிட்டாள். அது அவள் அப்பாவுடையது. 1998இல் நாங்கள் போளூரில் இருந்தபோது, தீபாவளி போனஸில் பழையதாக வாங்கிக் கொடுத்தேன். அவனுக்கு அப்போது பதினான்கு வயது. ஆறு மாதம் வாசித்தான். "விரல் எரியுதுப்பா" என்பான். "கை காய்ச்சாத்தான்டா வித்தை படியும்" என்பேன். ஒரு நாள் உறைக்குள் போட்டு வைத்தவன், பிறகு எடுக்கவே இல்லை. பையனுக்குப் பொறுமை போதாது என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

பேத்தியும் இரண்டாம் நாளே விரல் நுனியை ஊதிக்கொண்டு வந்தாள். "தாத்தா, கம்பி கத்தி மாதிரி இருக்கு." அதே பழைய வசனம் வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் கிட்டாரைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டேன்.

முப்பத்து நாலு வருஷம் பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருந்தவன் நான். தந்திக்கும் கட்டைக்கும் நடுவே இருந்த இடைவெளி கண்ணை உறுத்தியது. ஸ்டீல் ஸ்கேலை வைத்து அளந்தேன். பன்னிரண்டாவது மெட்டின் மேல் மூன்றரை மில்லிமீட்டர். (வீணையில் மெழுகில் பதித்திருக்கும் மெட்டுகளைத்தான் கிட்டாரில் ஃப்ரெட் என்கிறார்கள்.) ஒன்றரையிலிருந்து இரண்டு மில்லிமீட்டருக்குள் இருந்தால் பெரியவர்களுக்கே சுகமாக இருக்கும். அதைப்போல இரண்டு மடங்கு உயரத்தில் குழந்தை அழுத்தினால் வலிக்காமல் என்ன செய்யும்?

வேலூரிலிருந்து புதுத் தந்தி வரவழைத்தேன். பழையது 10 நம்பர். மெல்லிய தந்தி அங்குல ஆயிரத்தில் பத்துப் பங்கு பருமன் என்று அர்த்தம். 9 நம்பர் போட்டேன். ஆறு தந்தியும் சேர்ந்து இழுக்கும் இழுவை சுமார் 47 கிலோவிலிருந்து 39 கிலோவுக்கு இறங்கிவிடும். 8 நம்பரும் உண்டு. ஆனால் பழகாத கை அழுத்தி அமுக்கினால் சுருதி விலகும் என்பதால் வேண்டாம் என்றுவிட்டேன்.

அடுத்தது கழுத்து. அதற்குள் ஓர் இரும்புக் கம்பி ஓடுகிறது. முதல் மெட்டையும் கடைசி மெட்டையும் அழுத்திப் பிடித்து, நடுவில் தந்திக்கும் மெட்டுக்கும் உள்ள இடைவெளியைப் பார்க்க வேண்டும். என் பழைய ஃபீலர் கேஜை எடுத்தேன். டேப்பெட் வைத்த அதே தகடுகள்! 0.25 மில்லிமீட்டர் தகடு நுழைந்தால் போதும். இங்கே நான்கு தகடு சேர்த்து வைத்தாலும் ஆடியது. ஆலன் கீயால் கால் சுற்று திருகி, ஒரு ராத்திரி விட்டு, மறுபடி அளந்து, மறுபடி கால் சுற்று. மரம் இரும்பு மாதிரி உடனே சொன்ன பேச்சு கேட்காது. அவசரப்பட்டு முறுக்கினால் கழுத்தே கெட்டுப்போகும்.

பிறகு கீழ்ப் பக்கம் ஒவ்வொரு தந்திக்கும் உள்ள சின்ன ஸ்க்ரூக்களைத் திருகி உயரத்தைக் குறைத்தேன். உயரம் மாறினால் சுருதியும் கொஞ்சம் நகரும். அதனால் பன்னிரண்டாவது மெட்டில் தொட்டு எழுப்பும் நாதமும், அழுத்தி எழுப்பும் நாதமும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துச் சரிசெய்தேன்.

கடைசியாக நட். போல்ட்டுக்குப் போடும் நட் இல்லை. தலைப் பக்கம் தந்திகள் உட்காரும் வெள்ளைக் கட்டைக்கு அந்தப் பெயர். அதில் பள்ளங்கள் ஆழமே இல்லை. அதனால்தான் முதல் இரண்டு மெட்டுகளில் அழுத்துவது யுத்தமாக இருந்தது. கற்றுக்கொள்கிற பிள்ளை முதலில் வாசிப்பதோ அங்கேதான். கேஸ் வெல்டிங் முனையைச் சுத்தம் செய்யும் சொரசொரப்புக் கம்பியால், மயிரிழை மயிரிழையாகப் பள்ளத்தை ஆழப்படுத்தினேன்.

அந்த வேலை நடக்கும்போதுதான் உறைத்தது. கழுத்து இத்தனை வருஷத்தில் வளைந்திருக்கலாம். ஆனால் நட்டில் பள்ளம் தானாக மேலே ஏறாது. வாங்கிய அன்றும் அது அப்படியேதான் இருந்திருக்கிறது. ஒரு பஸ் இழுக்கவில்லை என்றால் டிரைவரைத் திட்டும் முன் இன்ஜினைத் திறந்து பார்ப்பவன், சொந்தப் பிள்ளை விஷயத்தில் டிரைவரை மட்டும் திட்டியிருக்கிறேன்.

பேத்தியின் கை சின்னது, மெட்டுகள் எட்டவில்லை. அதற்கும் ஒரு வழி இருக்கிறது. எல்லாத் தந்தியையும் ஒரு முழு ஸ்வரம் இறக்கி, இரண்டாவது மெட்டில் கேப்போ என்ற கிளிப்பை மாட்டினால் பழைய சுருதியே வரும். இருபத்தைந்தரை அங்குலத் தந்தி இருபத்திரண்டே முக்கால் ஆகிவிடும். இழுவையும் ஐந்தில் ஒரு பங்கு குறையும்.

கருவியை ஆளுக்குத் தக்கபடி மாற்றுவது தப்பு என்று நினைக்காதீர்கள். மாண்டலினில் வழக்கமாக இரட்டை இரட்டையாக எட்டுத் தந்தி. சிறுவனாகவே மேடை ஏறிய மாண்டலின் ஸ்ரீநிவாஸ், ஒற்றைத் தந்திகள் ஐந்து பூட்டிய எலெக்ட்ரிக் மாண்டலினில்தான் கர்நாடக சங்கீதத்தை வாசித்துக் காட்டினார்.

லீவு முடிவதற்குள் பேத்தி ஒரு பாட்டின் முதல் இரண்டு வரியைத் தட்டுத் தடுமாறி வாசித்துவிட்டாள். விரல் இன்னும் கொஞ்சம் சிவக்கிறது, ஆனால் அழவில்லை.

மகனிடம் அளவுகளையெல்லாம் சொன்னேன். "தப்பு உன் மேல இல்லடா" என்றேன். அவன் கிட்டாரை வாங்கி முதல் மெட்டை அழுத்திப் பார்த்தான். "இவ்வளவு லேசாவா இருக்கும் இது?" என்று மட்டும் கேட்டான். அன்று ராத்திரி பேத்தி தூங்கிய பிறகு, திண்ணையில் வெகுநேரம் தந்திச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் எழுந்து போகவில்லை.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஏதாவது ஒன்று கிடக்கும். பிள்ளையைக் குறை சொல்லும் முன், அதை ஒருமுறை அளந்து பாருங்கள்.