வடக்குக் கரைக் கற்கள்

கடற்கரை என்றால் நம்மவர்களுக்குத் தெரிந்த திக்கு ஒன்றுதான்: தெற்கு. மெரினா, பெசன்ட் நகர், கையில் காசும் மனசில் ஆசையும் மிச்சமிருந்தால் மகாபலிபுரம். வடக்கே எண்ணூர் வரை ஒரு கரை கிடக்கிறதே என்றால், ‘அங்கே பார்க்க என்ன ஸார் இருக்கிறது?’ என்பார்கள்.

அதைப் பார்க்கத்தான் ஒரு கார்த்திகை மாதம் குத்தம்பாக்கத்திலிருந்து குடையும் கையுமாகக் கிளம்பினேன். துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் கூண்டு ஏற்றியிருந்தார்கள். “தண்ணீர் பார்க்கவேண்டுமானால் செம்பரம்பாக்கம் ஏரி பக்கத்திலேயே இல்லையா?” என்று வீட்டில் கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் கடலை நல்ல நாளில் பார்ப்பது, சம்பந்தி வீட்டாரைக் கல்யாணப் பந்தலில் பார்ப்பது மாதிரி. சுபாவம் தெரியாது.

பூந்தமல்லி, பாரிமுனை என்று பஸ் மாறி, திருவொற்றியூர் தாண்டி இறங்கினேன். குடை முதல் காற்றிலேயே மடங்கிக்கொண்டது. கரை நெடுகக் கருங்கற்கள். சேற்று நிறத்தில் அலைகள் வந்து மோதி எழும்பின. சாலையில் போகிற கன்டெய்னர் லாரியின் கண்ணாடி வரை உப்புச் சாரல். பயங்கரந்தான், ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை.

படகு மறைவில் ஒதுங்கியிருந்த ஒரு மூதாட்டி, “இன்னா ஸார், படம் புடிக்க வந்தியா?” என்றாள்.

“இல்லையம்மா, சும்மா கடல் பார்க்க.”

“அப்பல்லாம் கடலைப் பாக்க நாங்க மணல்ல நடந்து போவணும். இப்ப அதுவா வூட்டுக்கு வருது.” அலை உடைகிற இடத்தைக் காட்டினாள். “தோ, அங்கதான் எம் மாமியா வூடு.”

குறை சொல்லும் குரல் இல்லை. விலாசம் சொல்கிற குரல்.

அந்தக் கற்கள் கன்னியாகுமரிப் பாறைகளைப்போல இயற்கை வைத்தவை அல்ல, லாரியில் வந்தவை. நம் கரையோரத்து மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. தென்மேற்குப் பருவத்து அலைகள் அதை வடக்கே தள்ளும்; வடகிழக்குப் பருவத்தில் கொஞ்சம் தெற்கே திரும்பும். கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். 1876-இல் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் எழுப்ப ஆரம்பித்தார்கள். 1881-இல் புயல் அதை உடைத்தது, மறுபடி கட்டினார்கள். மணலின் வழி அடைபட்டது. தெற்கே தேங்கிய மணலால் மெரினா அகன்றது. வடக்கே அலை வெறுங்கையோடு போயிற்று; இருந்த மணலை அள்ளத் தொடங்கியது. புதுச்சேரியிலும் 1980-களில் துறைமுகம் கட்டிய பிறகு இதே கதைதான்.

கல் போட்டார்கள். போட்ட இடம் பிழைத்தது; அரிப்பு அடுத்த குப்பத்துக்கு நகர்ந்தது. பிறகு தூண்டில் வளைவுகள் வந்தன. அவற்றின் மடியில் கொஞ்சம் மணல் ஒதுங்கியிருப்பதை அந்த மழையிலும் பார்த்தேன். நாலு படகு ஏற்றி வைக்கலாம். போன தெருவைத் திருப்பி வைக்க முடியாது.

துறைமுகமே வேண்டாமென்று நான் சொல்லவில்லை. நமக்கு வேண்டிய எத்தனையோ பொருள் அதன் வழியாக வருகிறது. ஆனால் ஒரு வசதிக்கு விலை உண்டென்றால், அதை யார் கொடுத்தார்கள் என்பதாவது நமக்குத் தெரியவேண்டாமா? மெரினாவில் அலையைத் தொட நெடுந்தூரம் நடக்கவேண்டியிருக்கிறதே என்று சலித்துக்கொள்கிறோம். கால் புதையும் அந்த மணலில் வடக்கே போய்ச் சேராத பங்கும் இருக்கிறது.