கிராமுக்கு எவ்வளவு?

கட்டாக் நகரில் வெள்ளி வேலை நடக்கும் ஒரு வீட்டில், முன்னறை மேஜைமேல் இருந்த தராசு 2021-இல் உள்ளறைக்குப் போயிற்று. எடுத்து வைத்தவர் அந்த வீட்டுப் பெண். வணிகவியல் பட்டதாரி; ஒரு தனியார் அலுவலகத்தில் 11 வருடம் கணக்கு எழுதியவர். தந்தைக்குக் கை நடுங்க ஆரம்பித்ததும் வேலையை விட்டுவிட்டுப் பட்டறையை ஏற்றுக்கொண்டார். தராசை நகர்த்தியதற்காகத் தந்தை இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "மா, வெள்ளிக் கடையில் தராசு கண்ணில் படவில்லை என்றால் வருகிறவன் நம்மைத் திருடன் என்றுதான் நினைப்பான்" என்றார். மகளை அம்மா என்று கூப்பிடும் வழக்கம் ஒடியா வீடுகளிலும் உண்டு.

மகளின் கணக்கு வேறாக இருந்தது. அதைப் புரிந்துகொள்ள அந்த வீட்டில் நடக்கும் வேலையைப் பார்க்க வேண்டும்.

அதன் பெயர் தாரகசி. தார என்றால் கம்பி. கிட்டத்தட்டச் சுத்த வெள்ளியை மூசையில் உருக்கிக் கோலாக வார்த்து, தட்டி நீட்டி, பெரிதிலிருந்து சிறிதாகத் துளைகள் வரிசையாகப் போட்ட கம்பி அச்சில் ஒவ்வொரு துளையாகக் கொடுத்து இழுக்கிறார்கள். கம்பி தையல் நூல் கனத்துக்கு வரும்வரை இழுப்பு. பிறகு இரண்டு இழைகளைச் சேர்த்து முறுக்கி, உருளையில் கொடுத்துச் சப்பையாக்க வேண்டும். அப்போது அதன் விளிம்பில் மணி கோத்ததுபோல் நுண்ணிய பற்கள் வரும். சற்றுத் தடித்த கம்பியில் இலை, மயில், சக்கரம் என்று வெளிக்கூடு கட்டி, அதன் வயிற்றுக்குள் இந்த முறுக்கிழையைச் சிறு குறட்டால் சுருட்டிச் சுருட்டி அடைக்கிறார்கள். அடைத்து முடிந்ததும் வெண்காரம் தடவி, பற்றாசுப் பொடியைத் தூவி, சுடர் காட்ட வேண்டும். முன்பு மண்ணெண்ணெய் விளக்கும் ஊதுகுழலும், இப்போது காஸ். சுடர் ஒரு கணம் அதிகம் நின்றால் ஒரு நாள் வேலை உருண்டு ஒரு வெள்ளிச் சொட்டாகிவிடும். கடைசியில் நீர்த்த அமிலத்தில் போட்டு எடுத்து, பூந்திக்கொட்டை நீரில் கழுவினால் பால் போன்ற வெண்மை வரும்.

இத்தனையும் காற்றைச் சுற்றிக் கம்பி கட்டும் வேலைதான். இழை மெலிய மெலிய வேலை கூடும், எடை குறையும். ஆனால் கடைக்காரர்கள் பட்டறைக்குக் கொடுக்கும் கூலி எடைக்கு. கிராமுக்கு இவ்வளவு.

11 வருடம் கணக்கெழுதிய கண்ணுக்கு முதல் மாதமே பட்டது இதுதான். மெல்லிழையில் செய்த ஒரு ஜோடிக் காதணி 6 கிராம். ஒன்றரை நாள் வேலை. கிராமுக்கு 60 ரூபாய் கூலி என்றால் 360 ரூபாய். அதே காதணியைத் தடித்த இழையில் செய்தால் 10 கிராம், ஒரே நாளில் முடியும், கூலி 600. நன்றாகச் செய்கிறவனுக்குக் குறைவாகவும் சுமாராகச் செய்கிறவனுக்கு அதிகமாகவும் கொடுக்கும் ஏற்பாடு. தந்தை காலத்து நகைகள் சில வீட்டில் இருந்தன. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இழை எவ்வளவு தடித்துவிட்டது என்று தெரிந்தது. கைத்திறன் போய்விட்டது, இளைய தலைமுறைக்குப் பொறுமை இல்லை என்றெல்லாம் மேடைகளில் புலம்புகிறார்கள். பொறுமைக்குக் கூலி இல்லை என்பதை அந்தப் புலம்பலில் யாரும் சேர்ப்பதில்லை.

ஆகவே அவர் எடைக் கூலியை நிறுத்தினார். நாளுக்கு 800 ரூபாய்; இழை எவ்வளவு மெல்லியதானாலும் சரி. பட்டறையில் இருந்த நான்கு பேரில் மூத்தவர், அவர் காகா என்று கூப்பிடுகிறவர், "நாள் முழுதும் நான் டீ குடித்துக்கொண்டிருந்தால்?" என்று கேட்டார். "குடியுங்கள் காகா, கணக்கில் எழுதிக்கொள்கிறேன்" என்றாராம்.

கூலி மாறினால் விலையும் மாற வேண்டும். அந்த 6 கிராம் காதணிக்கு அவர் போட்ட விலை 2,200 ரூபாய். அன்றைய வெள்ளி கிராம் 65 ரூபாய் அளவில்; கடைத்தெருவில் அதே எடைக்கு ஏறக்குறைய ஆயிரத்து நூறுதான். வருகிறவர்கள் காதணியைக் கையில் எடுத்து, அழகாயிருக்கிறது என்று சொல்லி, அடுத்த மூச்சில் கேட்பது: "எத்தனை கிராம்?" கேட்டதும் உதடு அசையும், பெருக்கல் நடக்கிறது. பிறகு காதணி மேஜைக்குத் திரும்பும். தராசு உள்ளே போனது இந்தப் பெருக்கலைத் தவிர்க்கத்தான். முழுக்கத் தவிர்க்க முடியவில்லை. இந்தியாவில் வெள்ளி வாங்குகிறவர் பாதி ஆபரணமும் பாதி சேமிப்பும் வாங்குகிறார். திருப்பிக் கொடுத்தால் என்ன தருவீர்கள் என்ற கேள்வி எப்போதும் பின்னால் நிற்கும். உருக்கினால் கைவேலைக்குச் சல்லிக்காசு கிடையாது. பற்றவைத்த இடங்கள் அதிகம் உள்ள நகை என்பதால் உருக்கிய வெள்ளியின் மாற்றும் சற்றுக் குறைந்தே வரும். அதை ஒளிக்காமல் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார். சொன்னதில் சில வாடிக்கையாளர்கள் போனார்கள். சிலர் அதற்காகவே வந்தார்கள்.

கைகொடுத்தது நாட்டியம். பரதத்துக்கு நாகர்கோவில் வடசேரி நகை எப்படியோ, ஒடிஸிக்குக் கட்டாக் வெள்ளி அப்படி. காதை முழுக்க மூடும் கபா, இடுப்பில் பெங்கபட்டியா, கையில் கங்கணம் என்று ஒரு முழு செட்டை ஆசிரியைகள் தேடி வாங்குவார்கள். டெல்லி, பெங்களூர் என்று ஆர்டர் வரும். மாணவிகளுக்கு முலாம் பூசிய மலிவு செட்டுகள் வந்துவிட்டன. அரங்கேற்றத்துக்கு மட்டும் வெள்ளி என்ற நிலை. ஆனாலும் ஆடுகிறவர்களுக்கு எடை குறைந்த நகையின் அருமை தெரியும். ஒன்றரை மணி நேரம் காதில் தொங்கப்போவது அவர்கள் அல்லவா!

தபாலில் அனுப்புவது தனிக் கல்வி. ஆரம்பத்தில் அட்டைப்பெட்டியில் அனுப்பிய ஒரு கொண்டை ஊசி அப்பளமாக நசுங்கித் திரும்பியது. நசுங்கிய தாரகசியை நிமிர்த்துவதைவிடப் புதிதாகச் செய்வது எளிது. இப்போது சின்ன எவர்சில்வர் டப்பாவில் பஞ்சு வைத்து அனுப்புகிறார். டப்பா விலை 40 ரூபாய், அதுவும் கணக்கில். அடுத்த புகார், 'கறுத்துவிட்டது, போலி வெள்ளி'. காற்றில் இருக்கும் கந்தகம் பட்டால் அசல் வெள்ளிதான் கறுக்கும். ஒரு அம்மாள் பற்பசை போட்டு பிரஷ்ஷால் தேய்த்து, இழை இடுக்கெல்லாம் வெள்ளைப் பசை அடைத்துக்கொண்டு, புகைப்படம் எடுத்து அனுப்பியிருந்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு சீட்டு: பற்பசை வேண்டாம், செண்டு அடித்த பிறகு அணியவும்.

வார்ப்பு நகைகளோடு மோதுவதுதான் சிரமம். ஒரு நல்ல தாரகசி நகையை வைத்து ரப்பர் அச்செடுத்து, மெழுகு வார்த்து, ஆயிரக்கணக்கில் வெள்ளியில் ஊற்றிவிடுகிறார்கள். எட்டி நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியாது. லென்ஸ் வைத்தால் தெரியும்: வார்ப்பில் இழைகள் ஒன்றோடொன்று உருகி மழுங்கியிருக்கும்; முறுக்கின் பற்கள் இருக்காது; கையில் கனக்கும். அந்தக் கனத்தையே வாங்குகிறவர்கள் தரம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். எனவே மேஜையில் தராசு இருந்த இடத்தில் ஒரு லென்ஸை வைத்தார். தந்தைக்கு அது பிடித்திருந்தது. கை நடுங்கினாலும் வருகிறவர்களுக்கு லென்ஸைப் பிடித்துக் காட்டும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார்.

தொழிலைக் காப்பாற்றும் முயற்சிகளுக்குக் கட்டாக்கில் வயது அதிகம். 'உத்கல கௌரவ்' மதுசூதன் தாஸ், 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே இந்தக் கைவினைஞர்களை ஒரு கூரையின் கீழ் கொண்டுவந்து கலைப்பொருள் பட்டறை நடத்தியவர். 2024-இல் 'கட்டாக் ரூபா தாரகசி'க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு பெயரைக் காக்கும், கூலியை நிர்ணயிக்காது. 2025 செப்டம்பரில் வெள்ளி நகைக்கும் ஆறு இலக்கத் தனிக் குறியுடன் ஹால்மார்க் வந்தது, விருப்பமுள்ளவர்களுக்கு. நல்ல விஷயம்தான். குறியைப் பொறிக்கத் தட்டையான இடம் வேண்டும். தாரகசியில் பெரும்பாலும் ஓட்டைதான். ஒரு சின்னத் தகட்டைத் தனியாகப் பற்றவைக்க வேண்டியதுதான்.

இதெல்லாம் போராட்டம் என்றாலும் பழகிய போராட்டம். பழகாதது வெள்ளியின் விலை. 2020 தொடக்கத்தில் கிலோ 50,000 ரூபாய்க்குள் இருந்தது. 2025 ஆகஸ்டில் ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரத்தைச் சுற்றி நின்றது. அந்த மாதம்தான் அவருக்கு அதுவரை வராத பெரிய ஆர்டர் வந்தது. தீபாவளிப் பரிசாகக் கொடுக்க ஒரு நிறுவனம் 60 கோனார்க் சக்கரங்கள் கேட்டது. ஒன்று 40 கிராம், மொத்தம் 2.4 கிலோ. வெள்ளியும் வேலையும் சேர்த்து ஒரே விலை பேசினார். கூலி எல்லாம் போக அவருக்கு 36,000 ரூபாய் நிற்க வேண்டும். முன்பணத்தில் ஒரு கிலோ வெள்ளி வாங்கினார். மீதியை வேலை நடக்க நடக்க வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தார். அவரே சொல்வதுபோல், கணக்குப் படித்தவர் செய்யக் கூடாத தப்பு.

செப்டம்பரில் வாங்கிய 700 கிராம் கிலோ 1,30,000 விலையில். அக்டோபரில் வாங்க வேண்டிய கடைசி 700 கிராமுக்கு விலை 1,60,000. அந்த வாரங்களில் பணம் கொடுத்தாலும் வெள்ளி கிடைப்பது கஷ்டமாயிருந்தது. சில மியூச்சுவல் ஃபண்டுகளே வெள்ளித் திட்டங்களில் மொத்தத் தொகை வாங்குவதை நிறுத்தி வைத்திருந்தன. நிறுவனத்துக்குப் போன் செய்தார். பேசிய விலை பேசியதுதான் என்றார்கள். அவர்கள் சொன்னதில் தப்பில்லை.

அன்று மாலை காகா, பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சக்கரத்தின் ஆரங்களில் பற்றாசு கொஞ்சம் தாராளமாகப் போனால் வேலை உறுதியாயிருக்கும் என்றார். பற்றாசில் மட்டமான உலோகம் கலந்திருக்கும், அது கூடினால் எடை நிற்கும், வெள்ளி குறையும், யாருக்கும் தெரியாது. பொடி வைத்துப் பேசுவது என்று தமிழில் சொல்வார்களே, நேர்ப்பொருளிலேயே அதுதான். இவருடைய கூலி நிற்கக் கூடாதே என்ற கவலையில் சொன்னது, கெட்ட எண்ணமில்லை. அவர் பதில் சொல்லாமல் எழுந்து போய், தம் கைவளையல் இரண்டை அடகு வைத்து வெள்ளி வாங்கி வந்தார். சக்கரங்கள் தீபாவளிக்கு நான்கு நாள் முன்பே போய்ச் சேர்ந்தன. வெள்ளி விலை தின்றது 42,000. எதிர்பார்த்த லாபம் போக, கையிலிருந்து 6,000.

அடுத்த மாதம் கார்த்திகைப் பௌர்ணமிக்கு மகாநதிக் கரையில் பாலி யாத்திரைச் சந்தை. அவர் ஒரு சிறு கடை போட்டார். இம்முறை பில் புத்தகம் புதிது. ஒரு வரியில் வெள்ளி, அன்றைய விலையில். அடுத்த வரியில் கைவேலை. மூன்றாவது வரியில் 3 சதவீதம் ஜி.எஸ்.டி. பெரிய ஆர்டர் என்றால் வெள்ளிக்கு முழுப் பணமும் முதல் நாளே வர வேண்டும் என்று அடியில் அச்சடித்திருந்தது. தராசையும் கொண்டுவந்திருந்தார். மேஜைமேல், லென்ஸுக்குப் பக்கத்தில்.

மருமகளோடு வந்த ஒரு பெண்மணி படகு வடிவப் பதக்கம் ஒன்றை எடுத்தார். எட்டு கிராம். காகா செய்தது, எடைக் கூலி போன பிறகு அவர் கம்பி அச்சின் கடைசித் துளைக்குத் திரும்பியிருந்தார். வெள்ளி வரியைப் பார்த்த பெண்மணி, விலை எங்கேயோ போய்விட்டது என்று பெருமூச்சு விட்டு, அதை அப்படியே ஏற்றுக்கொண்டார். அடுத்த வரியில் விரலை வைத்தார். "இதில் கொஞ்சம் குறைக்கக் கூடாதா?"

"வெள்ளியில் கேட்கவில்லையே நீங்கள்?"

"அது மார்க்கெட் விலை, அம்மா. நீங்கள் என்ன செய்வீர்கள்?"

அவர் லென்ஸை எடுத்துக் கொடுத்தார். பெண்மணி பார்த்தார், மருமகளிடம் கொடுத்தார், மருமகள் ரொம்ப நேரம் பார்த்தாள். கடைசியில் நூறு ரூபாய் குறைத்துக் கேட்டார்கள். அவர் டப்பாவின் 40 ரூபாயை வேண்டுமானால் விட்டுவிடுகிறேன் என்றார். பில்லில் கைவேலை வரியை அடிக்காமல், டப்பா இனாம் என்று தனியாக எழுதிக் கொடுத்தார்.