இரண்டு லட்சம் வரை

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அடிக்கடி அடிபட்ட சொல் ‘ஜி1’. மலேசியாவில் கட்டுமானக் குத்தகையாளர்களை சி.ஐ.டி.பி. ஜி1 முதல் ஜி7 வரை ஏழு படிகளாகப் பிரித்துப் பதிவு செய்கிறது. அப்பா பதிந்துகொண்ட 2012இல், ஜி1காரர் எடுக்கும் ஒரு வேலை 200,000 ரிங்கிட்டைத் தாண்டக்கூடாது. ஜி2வுக்கு 500,000, ஜி3க்குப் பத்து லட்சம். ஜி7க்கு வரம்பே கிடையாது. காட்ட வேண்டிய மூலதனமும் அப்படித்தான்: ஜி1க்கு 5,000, ஜி7க்கு 750,000.

அப்பா எஸ்டேட் லயத்தில் பிறந்து, பதினேழு வயதில் சிமெந்து குழைக்கப் போனவர். சுவரை விரலால் தட்டியே பூச்சு எங்கே பிடிக்கவில்லை என்று சொல்லிவிடுவார். விண்ணப்பப் பாரத்தை நான்தான் நிரப்பினேன். அந்த விரலுக்கு அதில் கட்டம் இல்லை. அதற்கு முன் இருபது வருஷம் அவர் சப்-கொன். சட்டப்படி சப்-கொன்னும் பதிந்திருக்க வேண்டும், யாரும் கேட்டதில்லை. வேலை இவருடையது, பலகையில் பெயர் வேறொருவருடையது.

2014இல் கிள்ளானில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், தன் ஒற்றை மாடித் தெரஸ் வீட்டின் மேல் இன்னொரு மாடி எழுப்பக் கேட்டார். கணக்குப் போட்டால் 260,000 வந்தது. வாத்தியாரே வழியும் சொன்னார்.

“கீழ் வேலைக்கு ஒண்ணு, மேல் வேலைக்கு ஒண்ணுன்னு ரெண்டு லெட்டரா போட்டுக்கலாம் தம்பி. யாரு வந்து பாக்கப் போறா?”

“மேல் மாடி பாரம் கீழ் தூண்லதான் சார் எறங்கும். லெட்டரு ரெண்டா இருந்தாலும் வீடு ஒண்ணுதானே?”

அன்று இரவு நான் அப்பாவோடு சண்டை போட்டேன். அது என் காலேஜ் ஃபீஸ் வருஷம். அவர் அதிகம் பேசவில்லை. ஹைலண்ட் டவர்ஸ் பற்றி மட்டும் சொன்னார். 1993 டிசம்பர் 11ஆம் தேதி அந்தக் கட்டடம் சரிந்து 48 பேர் இறந்தபோது, அவர் வேறொரு சைட்டில் கம்பி கட்டிக்கொண்டிருந்தார். சி.ஐ.டி.பி.யை உருவாக்கிய சட்டம் 520 வந்தது அடுத்த வருஷம். ஒன்றால் மற்றது வந்தது என்று நான் சொல்லவில்லை. அவர் மனதில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. “பின்னாடி வெடிப்பு விட்டா, எந்த லெட்டரைக் காட்டி யாரைக் கேப்பாரு அவரு?” என்றார்.

வேலையை ஜி2 வைத்திருந்த கூட்டாளிக்குக் கொடுத்துவிட்டு, அவருக்குக் கீழ் மறுபடியும் சப்-கொன்னாக நின்றார்.

இந்த வரம்பு நியாயமா என்று என்னால் இன்றும் ஒரே வார்த்தையில் சொல்ல முடியவில்லை. மேல் படிக்கு ஏற மூலதனம் வேண்டும், சான்றிதழ் உள்ள ஆள் வேண்டும். மூலதனம் சேரவோ பெரிய வேலை வேண்டும். கையில் காசில்லாதவன் சின்ன வேலையிலேயே சுற்றிக்கொண்டிருப்பான். ஆனால் வீட்டுக்காரருக்குத் தூணைப் பற்றி எதுவும் தெரியாது. அவர் கையில் இருப்பது அந்தக் காகிதம் மட்டும்தான். கெட்டிக்காரக் கொத்தனாரை அது தடுக்கிறது என்பதற்காக, அதைத் தூக்கி எறியச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏறுவதற்கு இன்னொரு படிக்கட்டு வேண்டும் என்றுதான் கேட்பேன்: முடித்த வேலைகளைப் பார்த்து மதிப்பிடும் ஒன்று.

ஜி2வுக்குக் காட்ட வேண்டிய 25,000ஐச் சேர்க்க அப்பாவுக்கு மேலும் மூன்று வருஷம் பிடித்தது. அதில் பாதி அம்மாவின் சீட்டுப் பணம்.