அப்பா முழுங்கிய ஆப்பிள் மரம்

எங்கள் வீட்டு மிக்ஸி காலை ஐந்தரைக்கே 'கொர்ர்ர்' என்று உறும ஆரம்பித்துவிடும். பாகற்காய், வெந்தயம், ஆவாரம்பூ என்று ஒரு நந்தவனமே உள்ளே போய்ப் பச்சைத் தண்ணியாக வெளியே வரும். குடிப்பவர் அப்பா. 12 வருஷ சர்க்கரைக்காரர். வைத்திய ஆலோசனை: வாக்கிங் நண்பர்கள்!

"மாத்திரை கெமிக்கல்டா, கிட்னியை அரிச்சிடும். இது இயற்கை" என்பார். நானும் "சரிப்பா" என்று டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடிவிடுவேன். மனுஷர் மாத்திரையை நிறுத்தி ஆறு மாசமாகிவிட்டது என்பதே கால் வீங்கின அன்றைக்குத்தான் தெரிந்தது.

சிறுநீரில் ஆல்புமின்-கிரியாட்டினின் விகிதம் பார்க்கச் சொன்னார் டாக்டர். 30-க்குள் இருக்க வேண்டுமாம். அப்பாவுக்கு 800! எனக்கு வயிற்றைக் கலக்கியது. அப்பாவோ, "இயற்கையா ஏதாவது எழுதிக் குடுங்களேன் டாக்டர்" என்றார்.

"தந்தாப் போச்சு. ஆப்பிள் மரத்துப் பட்டை!"

டாக்டர் கிண்டல் செய்யவில்லை. 1835-ல் ஆப்பிள் மர வேர்ப்பட்டையிலிருந்து ஃபுளோரிசின் என்ற கசப்புப் பொருளைப் பிரித்தெடுத்தார்களாம். அதைக் கொடுத்தால் சிறுநீரில் சர்க்கரை வெளியேறுகிறது என்று 1886-ல் தெரிந்தது. கிட்னி வடிகட்டிய சர்க்கரையை மறுபடியும் ரத்தத்துக்கே திருப்பி அனுப்பும். அந்தக் கதவை இது சாத்திவிடுகிறது. ஆனால், பட்டையை அரைத்துக் குடித்துப் பிரயோஜனமில்லை. பெரும்பாலும் குடலிலேயே சிதைந்துவிடும். அதனால் அதைத் திருத்தி டாபாகிளிஃப்ளோசின் என்ற மாத்திரையைச் செய்தார்கள். 4,304 கிட்னி நோயாளிகளிடம் நடந்து 2020-ல் வெளியான ஆய்வில், கிட்னி பழுதாகும் வேகத்தை அது குறைத்தது.

"இதுவும் மரம் சொல்லிக் குடுத்ததுதான் சார். ஆனா அளவு தெரியும். யாருக்கு ஆகாதுன்னும் தெரியும். உங்க டம்ளருக்கு அந்தக் கணக்கு கிடையாது."

ஆட்டோவில் அப்பா வெகுநேரம் பேசவில்லை. பிறகு மெல்ல, "மாத்திரை போட்டியான்னு நீ ஒரு நாளாவது கேட்டியாடா?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

இப்போது எங்கள் மிக்ஸி சட்னி மட்டும்தான் அரைக்கிறது. செருப்பு மாட்டும்போதே "மாத்திரை போட்டாச்சாப்பா?" என்று குரல் கொடுக்கிறேன். "ஆப்பிள் மரத்தை முழுங்கியாச்சு, நீ கிளம்பு!" என்று பதில் வருகிறது. அடுத்த டெஸ்டில் 800 கொஞ்சம் இறங்கியிருந்தது.

உங்கள் வீட்டு மிக்ஸியும் விடிகாலையில் உறுமுகிறதா சார்? பஸ் போனால் போகட்டும். ஒரு தரம் அப்பாவின் மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்கள்.