படுவான்கரைத் தொட்டியில் மீனும் இறாலும்

நீர்ச்செடி நட்ட சிறு தொட்டியில் எந்த மீன் நிலைக்கும் என்பதை முதலில் தீர்மானிப்பது தண்ணீர்தான். படுவான்கரையிலுள்ள கொக்கட்டிச்சோலைக்கு ஒரு புறம் மட்டக்களப்பு வாவி, மறுபுறம் குளமும் வாய்க்காலும் வயலும். வாவி நீர் உவர். அந்த உவர்ப்பு மாரியில் தணியும், கோடையில் ஏறும். வாவியில் பிடிபடும் இறால் குஞ்சு கடலில் பிறந்து உவர்நீரில் வளர்வது. அதை நன்னீர்த் தொட்டியில் விட்டால் நெடுநாள் நிலைக்காது. அதற்காக உப்புப் போட்டால் செடி அழுகும். வாவியின் உயிர்களை வாவியிலேயே விட்டுவிடுவதுதான் சரி.

கிணற்று நீரின் குணத்தை அறியக் கேத்தலின் உட்புறத்தைப் பார்த்தாலே போதும். அடியில் வெள்ளைக் காறை தடித்திருந்தால் அது வன்னீர். கப்பி மீனுக்கு வன்னீர் பிடிக்கும். அமேசன் ஆற்றுப் படுகையின் மென்னீருக்குப் பழகிய நியோன் ரெட்ராவுக்கு அது ஒத்துவராது. கடையில் நீலமும் சிவப்புமாக மினுங்குகிறது என்பதற்காக அதை வாங்கக் கூடாது.

அடுத்தது இடம். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டி ஏறக்குறைய 56 லீற்றர் கொள்ளும். மணலும் கல்லும் போக 45 லீற்றர் மிஞ்சினால் பெரிது. மட்டக்களப்பு வெயிலில் அந்த 45 லீற்றரும் முழுமையாகக் கைகொடுக்காது. 20 பாகை செல்சியஸ் நீரில் லீற்றருக்கு 9 மில்லிகிராம் அளவில் கரையும் ஒட்சிசன், 30 பாகையில் ஏழரைக்கு இறங்கிவிடும். இரவில் செடிகளும் அதில் பங்கு கேட்கும். விடியப்புறம் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது பசியால் என்று எண்ணித் தீன் போடுபவர்கள் உண்டு. உண்மையில் அவை மூச்சுக்குத் தவிக்கின்றன. மீனைக் குறைக்க வேண்டும். நீர்ப்பரப்பில் மின்விசிறிக் காற்றுப் பட்டால் இரண்டு மூன்று பாகை சூடும் தணியும்.

இந்த அளவுத் தொட்டிக்கு இலங்கையே தந்திருக்கும் மீன் செரி பார்ப். களனி முதல் நில்வளா வரையான தென்மேற்கு ஈரவலயத்தின் நிழலோடைகளுக்கு உரிய இந்த மீனை 1929இல் பி. இ. பி. தெரணியகல விவரித்தார். ஐந்து சென்ரிமீற்றர்தான் வளரும், சண்டைக்குப் போகாது, செடியைக் கடிக்காது. பெண் கூடுதலாக எட்டு மீன் போதும். பண்ணையில் பெருக்கியதைக் கேட்டு வாங்க வேண்டும். ஓடையில் பிடித்ததை வாங்க வாங்க ஓடை வெறுமையாகும். கடை வெளிச்சத்தில் வெளிறி நிற்கும் ஆண், இலங்கைக்கே உரிய கிரிப்டோகோரைன் வென்டியை அடர்த்தியாக நட்ட நிழலில் இரத்தச் சிவப்பாகும். கிணறு சற்று உவர் தட்டினால் ஆண் கப்பி ஆறு விடலாம். பெண்ணையும் சேர்த்தால் மாதத்துக்கு மாதம் குஞ்சு பெருகித் தொட்டி நிறைந்துவிடும்.

பாசி தின்னும் என்று ‘டாங்க் கிளீனர்’ என்ற பெயரில் விரலளவில் விற்கப்படும் மீன் ஒன்றரை அடிவரை வளரும். தொட்டி போதாமல் குளத்தில் விடப்பட்டவை இலங்கை நீர்நிலைகளில் ஏற்கெனவே பெருகிவிட்டன. இதை வாங்கவே வேண்டாம்.

பாசிக்கு இறால்தான் பொருத்தம். யப்பானியரான தகாஷி அமானோ புகழ்பெறச் செய்த அமானோ இறால் நன்றாகப் பாசி தின்னும்; ஆனால் அதன் குஞ்சுக்கு உவர்நீர் வேண்டும் என்பதால் நன்னீரில் பெருகாது. செரி இறால் நன்னீரிலேயே பெருகும். பெண் வயிற்றின் கீழ் முட்டைக் கொத்தைச் சுமந்து, குறுங்கால்களால் ஓயாமல் விசிறிக்கொண்டிருக்கும். மூன்று நான்கு கிழமையில் தாயின் சின்ன அச்சாகக் குஞ்சுகள் வெளிவரும். வாய்க்குள் கொள்ளும் எதையும் மீன் தின்னும். செரி பார்ப்பும் விலக்கல்ல. ஜாவா மொஸ் செடி அடர்ந்திருந்தால் சில குஞ்சுகள் தப்பும்.

வெள்ளாமைக் காலத்தில் வாய்க்கால் நீரும், அங்கே பிடுங்கிய செடியும் ஆபத்து. வயலுக்கு அடித்த பூச்சிமருந்தின் எச்சம் மீனை விட்டுவைத்தாலும் இறாலைக் கொல்லும். செம்பு கலந்த மீன் மருந்தும் அப்படித்தான்.

செடி நட்டு ஒரு மாதம் கழித்து முதலில் இறாலையும், அது குஞ்சு பொரித்த பின் மீனையும் விட வேண்டும். சில நாளில் மணலில் ஒரு வெறுங்கூடு கிடக்கும். இறால் செத்ததுபோலத் தெரிந்தாலும் அது உரித்த தோடுதான். எடுக்காமல் விட்டால், அதிலுள்ள சுண்ணாம்பை இறால்கள் கொறித்துத் திரும்ப எடுத்துக்கொள்ளும்.