ஒற்றைக்கண் அரசி

எகிப்தின் அரச முகங்களில் நம் வரவேற்பறைகள் வரை வந்து சேர்ந்தவை துட்டன்காமனின் பொன்முகமும் நெஃபர்டீட்டியின் மார்பளவுச் சிலையும்தாம். நண்பர் ஒருவர் கெய்ரோவிலிருந்து வாங்கிவந்த நெஃபர்டீட்டி எங்கள் வீட்டிலும் உண்டு. ஒரு சாண் உயரம். நீல மகுடமும் நீண்ட கழுத்தும் மூலத்தைப் போலவே அமைந்திருக்கின்றன. ஆனால் இவளுக்கு இரண்டு கண்கள்.

மூலச்சிலையின் இடக்கண் வெறும் குழி. 1912 டிசம்பர் 6 அன்று, அமர்னாவில், தூத்மோஸ் என்ற சிற்பியின் பட்டறை இருந்த இடத்தில் லுட்விக் போர்ஹார்ட் தலைமையிலான ஜெர்மானியக் குழு அதைக் கண்டெடுத்தது. சுண்ணாம்புக் கல்லில் செதுக்கி, மேலே சுதை பூசி, வண்ணம் தீட்டப்பட்டது; 3,300 ஆண்டுகளுக்கும் மேல் பழையது. வலக்கண்ணில் படிகம் பதித்திருக்கிறார்கள். இடக்கண் உதிர்ந்து விழவில்லை, பதிக்கப்படவே இல்லை என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. பிற சிற்பிகள் பார்த்துச் செதுக்குவதற்கான மாதிரியாகவே அது பட்டறையில் இருந்தது என்கிறார்கள். அப்படியானால், நாம் 'மூலம்' என்று போற்றுவதே நகலெடுப்பதற்காகப் பிறந்ததுதான். வீட்டில் நகல் வைத்திருப்பதற்கு யாரும் கூச வேண்டியதில்லை.

என்னை உறுத்துவது அந்த இட்டு நிரப்பிய கண். கண்ணழுத்த நோயால் ஒரு கண்ணின் பார்வையை இழந்தவர் என் அம்மா. நூலொன்றில் மூலச்சிலையின் படத்தைக் காட்டியபோது நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: "இவளுக்கும் ஒரு கண்ணுதானா? அப்ப நம்ம வீட்டுல இருக்கறதுக்கு எதுக்குப்பா ரெண்டு வச்சாங்க?"

பின்னமான சிலையை வீட்டில் வைக்கலாகாது என்பது நம்மவர் வழக்கம். வாங்குபவரின் இந்த மனம் எந்த நாட்டு வணிகருக்கும் தெரியும். அழகின் உருவாக விற்கப்படுபவளிடம் குறையிருக்க அவர்கள் விடமாட்டார்கள். ஆனால் அந்தக் குழியில்தான் தூத்மோஸின் பட்டறை இருக்கிறது. பாதியில் நின்ற ஒரு வேலையின் உண்மை இருக்கிறது. அதை அடைத்துவிட்டால் எஞ்சுவது அலங்காரம் மட்டுமே.

மூலச்சிலை இன்று பெர்லின் நொயஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எகிப்து திருப்பிக் கேட்டும் கிடைக்கவில்லை. ஆக, அவளுடைய நாட்டினர்க்கும் தம் மண்ணில் வாய்த்தது நகல்தான். 2015இல் எகிப்தின் சமாலுத் நகர நுழைவாயிலில் அவளுக்கு ஒரு சிலை எழுப்பினார்கள். முகம் அவளுடையதாக இல்லை என்று மக்கள் கொதித்தெழவே, சில நாள்களில் அதை அகற்றினார்கள். நகல்தானே என்று அவர்கள் விட்டுவிடவில்லை. மூலம் எட்டாத தொலைவில் இருக்கும்போது, நகல் இன்னும் கூடுதலாக உண்மை பேச வேண்டியிருக்கிறது.