எத்தா சிவில் பதிவேடும் பென்டிரைவும்

பென்டிரைவ், செல்போனில் செருகுகிற மெமரி கார்டு, வீட்டுக்கு இன்டர்நெட் தருகிற சின்னப் பெட்டி, இவை எல்லாவற்றுக்குள்ளும் இருப்பது ஃப்ளாஷ் மெமரி என்கிற ஒரே இனத்துச் சில்லு. 1980-களில் ஜப்பானின் தோஷிபா கம்பெனியில் ஃபுஜியோ மசுவோகா என்ற பொறியாளர் உருவாக்கியது. அதற்கு ஒரு விசித்திர குணம் உண்டு. அதில் எழுதலாம், படிக்கலாம். ஆனால் எழுதியதை அதே இடத்தில் திருத்த முடியாது.

இதை எனக்குச் சொன்னவன் என் தங்கை மகன். பெங்களூரில் அந்த மாதிரிப் பெட்டிகளுக்குள் ஓடும் மென்பொருள் எழுதுகிறான். பொங்கலுக்கு வந்திருந்தபோது, "உன் வேலைதான் என்னப்பா?" என்று கேட்டேன். காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டுக் கட்டம் கட்டமாக வரைந்தான். "மாமா, சிலேட்டுன்னு வச்சுக்குங்க. எழுத எழுதப் போகலாம். ஒரு எழுத்தை மட்டும் தொட்டுத் துடைக்க முடியாது. துடைக்கணும்னா சிலேட்டு முழுக்கத்தான் துடைக்கணும்" என்றான். ஒரு சிலேட்டு என்பது பல சில்லுகளில் 128 கிலோபைட் அளவு. அதைப் பிளாக் என்கிறார்கள். துடைத்த பிளாக்கில் எல்லாம் 1. எழுதுவது என்றால் சில 1-களை 0 ஆக்குவது. 0-வை மறுபடி 1 ஆக்க வேண்டுமென்றால் பிளாக் முழுவதையும் அழித்தாக வேண்டும்.

போதாததற்கு, துடைக்கத் துடைக்கச் சிலேட்டும் தேயும். பழைய நல்ல ரகச் சில்லுகள் ஒரு பிளாக்குக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் முறை தாங்கும். இன்றைய மலிவு ரகங்களுக்குச் சில ஆயிரம் முறைதான் கணக்கு. ஹார்டு டிஸ்க்குக்காக எழுதப்பட்ட பழைய முறைகளில், எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற அட்டவணை ஒரே இடத்தில் இருக்கும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் அதே இடத்தைத் திருத்துவார்கள். ஃப்ளாஷில் அப்படிச் செய்தால் அந்த ஒரு பிளாக் மட்டும் சீக்கிரம் செத்துப்போகும். அதைவிட மோசம், துடைத்துவிட்டு மறுபடி எழுதுவதற்குள் கரண்ட் போனால் அந்த 128 கிலோபைட்டும் போச்சு. நம் ஊரில் இதை விளக்க வேண்டியதில்லை.

அவன் சொல்லச் சொல்ல எனக்கு நினைவு வந்தது எத்தா சிவில். பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவேடுகளுக்குப் பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து புதுவையில் அதுதான் பெயர். பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பழைய பதிவேடுகளைப் பார்த்து நகல் எழுதித் தரும் மேசை எனக்கு வந்தது. 1804-ஆம் ஆண்டு நெப்போலியன் காலத்துச் சிவில் சட்டம் இந்தப் பதிவேட்டுக்கு வகுத்த விதிகள் கறாரானவை. பக்கங்களுக்கு முன்கூட்டியே எண் போட்டு, ஒவ்வொரு தாளிலும் நீதிபதி சுருக்கொப்பம் இட்டிருப்பார். ஒரு பதிவுக்கும் அடுத்ததற்கும் நடுவே வெற்றிடம் விடக் கூடாது. தேதியை இலக்கத்தில் எழுதக் கூடாது, எழுத்தில்தான் எழுத வேண்டும். அடித்தல் இருந்தால் அதற்குத் தனியாகக் கையெழுத்து. சுரண்டி அழிப்பது என்ற பேச்சே கிடையாது. பிறகு ஒருவருக்குத் திருமணம் ஆனால், அவருடைய பிறப்புப் பதிவின் ஓரத்தில் ஒரு குறிப்பு ஏறும். விவாகரத்து ஆனால் அதன் கீழே இன்னொன்று. பழையது பழையபடியே இருக்கும். கடைசியாக ஏறியது எதுவோ அதுவே இன்றைய நிலை.

ஃப்ளாஷுக்காகப் பிறந்த கோப்பு முறையும் இதேதான். 1999-இல் ஸ்வீடன் நாட்டு லுண்ட் நகரத்து ஆக்ஸிஸ் கம்யூனிகேஷன்ஸ் என்ற கம்பெனி லினக்ஸுக்காக ஜே.எஃப்.எஃப்.எஸ். என்ற ஒன்றை எழுதியது. 2001-இல் ரெட் ஹாட் கம்பெனியில் இருந்த டேவிட் வுட்ஹவுஸ் அதைப் புதுப்பித்து ஜே.எஃப்.எஃப்.எஸ்.2 ஆக்கினார். அதில் நிலையான அட்டவணையே இல்லை. இருப்பதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக எழுதப்பட்ட பதிவுகள். ஒரு பதிவுக்கு நோட் என்று பெயர். நோட்டின் தலைப்பில் எந்தக் கோப்பின் எண், அந்தக் கோப்புக்கு இது எத்தனையாவது மாற்றம், கோப்பின் எந்தப் பகுதி என்ற விவரங்கள். ஒரு கோப்பைத் திருத்தினால் பழைய நோட்டைத் தொடுவதில்லை. அடுத்த மாற்ற எண்ணோடு புது நோட் கடைசியில் சேரும். பெட்டியை ஆன் செய்ததும் மென்பொருள் முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கும். ஒவ்வொரு நோட்டும் எங்கே கிடக்கிறது என்று வேலை செய்யும் மெமரியில் 16 பைட் அளவுக்கு ஒரு துண்டுச் சீட்டு மாதிரி எழுதி, ஒரு கோப்பின் சீட்டுகளை ஒரே சங்கிலியில் கோத்து வைக்கும். யாராவது அந்தக் கோப்பைத் திறந்தால்தான் முழுக் கணக்கும் போடும்.

ஒவ்வொரு நோட்டின் தலையிலும் 1985 என்று ஓர் அடையாளம் இருக்கும், கூடவே ஒரு சரிபார்ப்பு எண்ணும் இருக்கும். பாதி எழுதும்போது கரண்ட் போய்விட்டால் சரிபார்ப்பு எண் பொருந்தாது. அந்த நோட்டை மென்பொருள் கண்டுகொள்ளாது. அதற்கு முந்தைய பதிவு செல்லும். கையெழுத்து ஆகாத பதிவு பதிவே அல்ல என்று எங்கள் தலைமை குமாஸ்தா சொல்லுவார், அதே கதைதான்.

அழிப்பதைக் கேட்டபோதுதான் எனக்கு நிஜமாகவே சிரிப்பு வந்தது. ஒரு கோப்பை அழிக்க வேண்டுமென்றால் இதில் அதற்கும் ஒரு நோட் எழுதுகிறார்கள்! "இன்ன பெயரில் இருந்த கோப்பின் எண் இனி பூஜ்யம்" என்று. ஒரு வகையில் இறப்புப் பதிவு. அந்தப் பெயரை முதலில் எழுதிய பழைய நோட் சில்லிலிருந்து உண்மையிலேயே துடைக்கப்படும் வரை இந்த இறப்புப் பதிவைக் காப்பாற்றி வைக்க வேண்டும். அவசரப்பட்டு எறிந்தால், அடுத்த முறை ஆன் செய்து புரட்டும்போது செத்த கோப்பு உயிரோடு எழுந்து நிற்கும். பிரான்சிலும் ஒருவரின் மரணத்தை அவருடைய பிறப்புப் பதிவின் ஓரத்திலேயே குறிக்கிறார்கள். இல்லாவிட்டால் இறந்தவரின் பிறப்பு நகலை வைத்து யாராவது பென்ஷன் வாங்கிவிடுவார்கள்.

எழுதிக்கொண்டே போனால் இடம் தீர்ந்துபோகுமே? அப்போது வேறொரு வேலை நடக்கும். செல்லாத நோட்டுகள் நிறைந்த பிளாக்கைத் தேர்ந்து, அதில் இன்னும் செல்லுபடியாகிற நாலைந்தை வேறிடத்தில் நகல் எடுத்துவிட்டு, பிளாக்கைத் துடைப்பது. இதற்குத் திருப்பாச்சி அரிவாளும் வேண்டும், நிதானமும் வேண்டும். முதல் ஜே.எஃப்.எஃப்.எஸ். வரிசைப்படி எல்லாவற்றையும் துடைத்துக்கொண்டே வந்தது. ஒரு குறையும் இல்லாத பிளாக்கைக்கூட நகல் எடுத்து, துடைத்து, அநாவசியமாகத் தேய்த்தது. வுட்ஹவுஸ் பிளாக்குகளைப் பட்டியல்களாகப் பிரித்தார், முழுக்கச் சுத்தமானவை, செல்லாதது கலந்தவை, காலியானவை என்று. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முறை செல்லாதது கலந்த பட்டியலிலிருந்து எடுப்பது, ஒரே ஒரு முறை சுத்தமான பட்டியலிலிருந்து எடுப்பது என்று வைத்தார். அந்த ஒன்று எதற்கு? மாறாத விஷயங்களைச் சுமந்துகொண்டு சில பிளாக்குகள் தேயாமலே உட்கார்ந்திருக்கும், மற்றவை அவற்றுக்கும் சேர்த்துத் தேயும். அவற்றையும் எப்போதாவது எழுப்பி வேலை வாங்கத்தான். என் இலாகாவில் இந்த நூற்றில் ஒன்று விதி இருந்திருந்தால் சிலருக்கு நன்றாக இருந்திருக்கும். போகட்டும்.

சில்லுகள் பெரிதாகப் பெரிதாக, ஆன் செய்ததும் முழுப் பதிவேட்டையும் புரட்டுவது கட்டுப்படி ஆகவில்லை. அட்டவணையையும் சில்லிலேயே, கிளைவிட்ட மரம்போல எழுதிவைக்கலாம் என்றார்கள். நோக்கியா பொறியாளர்கள் எழுதி 2008-இல் லினக்ஸில் சேர்ந்த யூ.பி.ஐ.எஃப்.எஸ். அந்த வகை. ஆனால் அங்கே ஒரு சிக்கல். இலையைத் திருத்தினால் இலை வேறிடத்துக்குப் போகிறது. ஆகவே அது எங்கே என்று சொல்லும் கிளையைத் திருத்த வேண்டும். கிளையும் இடம் மாறுவதால் அதன் மேல்கிளை, அப்படியே வேர் வரை. அலையும் மரம் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். யூ.பி.ஐ.எஃப்.எஸ். இந்த மாற்றங்களை மெமரியில் சேர்த்து வைத்து அவ்வப்போது மொத்தமாக எழுதுகிறது. சாம்சங் எழுதி 2013-இல் லினக்ஸில் வந்த எஃப்2எஃப்எஸ் வேறு வழி பார்த்தது. கிளையில் இடத்தை எழுதாதே, எண்ணை எழுது. எந்த எண் எங்கே என்று ஒரே ஓர் அட்டவணையில் வை. இடம் மாறினால் அந்த அட்டவணையில் ஒரு வரி மாறினால் போதும். ரெக்கார்டு ரூமில் வேலை பார்த்தவர்களுக்கு இது புரியும். ஒரு ஃபைலில் இன்னொரு ஃபைலைக் குறிப்பிடும்போது ஃபைல் நம்பரைத்தான் எழுதுவோம், அலமாரி நம்பரை எழுதமாட்டோம். அந்த அட்டவணைக்குச் சில்லில் இரண்டு இடம் ஒதுக்கி மாற்றி மாற்றி எழுதுகிறார்களாம். எத்தா சிவில் பதிவேடும் இரட்டைப் பிரதிதான், ஒன்று மேரியில், ஒன்று கோர்ட்டில்.

இவ்வளவும் எழுதக் காரணம் கடற்கரையில் என்னோடு நடக்க வரும் ஒரு நண்பர். அவர் அப்பா பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக இருந்தவர். அப்பாவின் பிறப்பு நகல், படை விடுவிப்புச் சான்று, 1962-இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்த தாள் எல்லாவற்றையும் ஒரு கடையில் ஸ்கேன் செய்து பென்டிரைவில் போட்டு வாங்கிவிட்டார். காகிதங்கள் பூச்சி அரித்துக் கிடக்கின்றன, வீடு இடிக்கப் போகிறோம், இனி எதற்கு என்றார். அவருடைய பேரன் குடியுரிமைக்கு மனுப் போட்டிருக்கிறான். கேட்டால் இந்தத் தாள்களைத்தான் கேட்பார்கள்.

மருமகனுக்கு அங்கிருந்தே போன் போட்டேன். "மாமா, நான் சொன்ன ஜே.எஃப்.எஃப்.எஸ்., யூ.பி.ஐ.எஃப்.எஸ். எல்லாம் சில்லை நேராக ஆளுறதுக்கு. பென்டிரைவுல நடுவுல ஒரு குட்டிக் கன்ட்ரோலர் உட்கார்ந்துக்கிட்டு, தன்னை ஹார்டு டிஸ்க்குன்னு சொல்லிக்கிட்டு, உள்ளே இதே இடம் மாத்துற வேலையைத் தானே பண்ணும். மலிவு பென்டிரைவுல அது எவ்வளவு ஒழுங்காப் பண்ணுதுன்னு வெளியே யாருக்கும் தெரியாது. எழுதும்போது பிடுங்கினா அட்டவணையே குழம்பிடும். அப்புறம் சில்லுல இருக்கிற மின்னூட்டம் வருஷக்கணக்குல மெதுவாக் கசியும். வெயில்ல இன்னும் சீக்கிரம்" என்றான்.

நண்பர் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "டிரங்குப் பெட்டி உங்க வீட்டு மாடியில கொஞ்ச நாள் இருக்கலாமா சார்?" என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து வைத்தோம். வேப்பிலை போட்டு, காகிதங்களை மல் துணியில் சுற்றி வைத்திருக்கிறோம். பென்டிரைவ் இப்போது இரண்டு. ஒன்று அவரிடம், ஒன்று பாரீசில் இருக்கும் அவர் மகளிடம் போகப்போகிறது.